முதலில் மலை, கடைசியில் ஆறு: 14 வயது மகளோடு கங்கைக் கரையில் ஒன்பது நாள்

கோவையிலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகளுக்குப் போன மாதம் 14 முடிந்தது. அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு, அதற்குப் பிறகு எங்கே நேரம்? அதற்குள் அவர்கள் இருவர் மட்டும் ஒரு வாரம் எங்காவது போக வேண்டும். முதுகில் பையை மாட்டிக்கொண்டு மலையில் நடக்கவும் வேண்டும், ஆற்றில் ராஃப்டிங்கும், அதாவது காற்றடைத்த படகில் துடுப்புப் போட்டுக்கொண்டு, போக வேண்டும். இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்க்கலாமா, எங்கே, எந்த வரிசையில், என்ன தயாரிப்பு என்று கேட்கிறார். அவர் நடந்த பெரிய நடை கொடைக்கானலில் ஒரே ஒரு நாள். மகளுக்கு நீச்சல் சுமாராகத் தெரியும்.

சேர்க்கலாம். உங்களைப் போல முதன்முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் இடம் உத்தராகண்ட்தான். தேவரியா தால் ஏரி, சோப்தா, துங்கநாத் கோயில் என்று நான்கு நாள் மலையில். அப்புறம் கீழே ரிஷிகேஷுக்கு வந்து கங்கையில் ஒரு காலை. இந்தப் பாதையில் என் மகனோடு ஒருமுறை, அக்கா மகளோடு ஒருமுறை போயிருக்கிறேன். நண்பர்கள் சிலரைப் பிள்ளைகளோடு அனுப்பியும் இருக்கிறேன். ஆனால் ஒரு வாரம் போதாது. ஒன்பது நாள் வையுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வயதை முதலில் பார்த்துவிடுவோம். உத்தராகண்ட் அரசின் ராஃப்டிங் விதிப்படி 14 வயதுக்குக் குறைந்தவர்களைப் படகில் ஏற்றக் கூடாது. உங்கள் மகளுக்கு இப்போதுதான் 14 முடிந்திருக்கிறது, நல்ல வேளை. என் மகனை முதலில் கூட்டிப்போனபோது அவனுக்கு 12. படகு ஏற்பாடு செய்கிற கடையில் இருந்தவர், "ஒண்ணும் ஆகாது, பாரத்துல 14ன்னு எழுதுங்க சார்" என்றார். பேனாவைக் கையில் எடுத்தேன், அதுவரை போனேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது அவர் மாட்டிவிட்ட லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தேன். அது நேராக அவன் காதுவரை வந்தது. பேனாவை வைத்துவிட்டேன். மகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இரண்டு வருடம் கழித்துத் திரும்பப் போனோம்.

மலைக்கும் ஆற்றுக்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மலை மெதுவாகத்தான் கெடுதல் செய்யும். தலைவலி வரும், கால் கொப்பளிக்கும், மேகம் கூடும். ஒவ்வொன்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வரும், எந்த வளைவிலும் திரும்பிவிடலாம். ஆறு அப்படியில்லை. ரிஷிகேஷில் சாலை ஆற்றை ஒட்டியே வருவதால் அமைதியான இடத்தில் கரையேறிக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் நுரை பொங்குகிற ரேபிடுக்குள் படகின் மூக்கு நுழைந்த பிறகு "வேண்டாம், திரும்பலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் மலையில் எடுக்க வேண்டிய முடிவுகளை மலையிலேயே எடுக்கலாம். ஆற்றில் எடுக்க வேண்டிய முடிவுகள் எல்லாவற்றையும் கரையிலேயே எடுத்துவிட வேண்டும்.

வரிசையும் இதிலிருந்தே வருகிறது. மலை முதலில், ஆறு கடைசியில். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். ரிஷிகேஷ்தானே முதலில் வருகிறது, இறங்கியதும் ராஃப்டிங்கை முடித்துவிடலாம் என்று. வேண்டாம். துடுப்புப் போட்டுத் தோள்பட்டை வலியோடு மறுநாள் பை தூக்க வேண்டியிருக்கும். ஈரச் செருப்பும் துணியும் மலைவரை கூடவே வரும். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மூன்று நாள் கூட நடந்த பிறகுதான் உங்கள் மகள் பயந்தால் எப்படி இருப்பாள், களைத்தால் என்ன செய்வாள், "முடியல" என்று வாய்விட்டுச் சொல்வாளா, மென்று விழுங்குவாளா என்பது உங்களுக்குத் தெரியும். அது தெரியாமல் அவளைப் படகில் ஏற்றாதீர்கள்.

ஆனால் ஒரு தப்பு மட்டும் செய்யாதீர்கள். நான் செய்தேன். "ஒழுங்கா நடந்தாத்தான் ராஃப்டிங்" என்று மகனிடம் ஒரு பேரம் பேசிவைத்தேன். பிள்ளைகளை நடக்க வைக்க நல்ல வழி என்று தோன்றும். நடந்தது என்னவென்றால், மூன்றாம் நாள் மாலை அவன் காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் ஐம்பது பைசா அகலத்துக்குத் தோல் உரிந்து கிடந்தது. காலையிலிருந்தே வலித்திருக்கிறது. சொன்னால் ராஃப்டிங் போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை. பேரம் பேசி அவனுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தேன். அதனால் கிளம்பும் முன்பே மகளிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: மலையில் பாதியில் திரும்பினாலும் ஆறு உண்டு, ஆற்றுக்கு அன்றைக்கு மனம் வரவில்லை என்றாலும் பயணம் வீண் இல்லை. இரண்டையும் கோத்துவிடாதீர்கள்.

எப்போது போவது? ரிஷிகேஷில் ராஃப்டிங் செப்டம்பர் நடுவிலிருந்து ஜூன் கடைசிவரை நடக்கும், மழைக்காலத்தில் மூடிவிடுவார்கள். இதில் நமக்குப் பொருந்துவது இரண்டு இடைவெளிகள். ஒன்று அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை. வானம் துடைத்துவிட்டது போல இருக்கும், ஆறு பச்சையாகத் தெளிந்திருக்கும். காலாண்டு விடுமுறையிலேயே போய்விடலாம் என்று தோன்றும், ஆனால் செப்டம்பர் கடைசியில் மழையின் வால் இன்னும் இருக்கும், ஆற்றில் தண்ணீரும் அதிகம், மண் சரிந்த சாலைகளும் முழுதாகச் சரியாகியிருக்காது. தீபாவளியை ஒட்டி நான்கைந்து நாள் பள்ளிக்கு விடுப்புப் போடுங்கள், ஒன்பதாம் வகுப்பு அதனால் கவிழ்ந்துவிடாது. இன்னொன்று, முழுஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு ஏப்ரலில். புராஞ்ஷ் என்று அங்கே சொல்கிற காட்டுப்பூ மரங்கள் மார்ச், ஏப்ரலில் சிவப்பாகப் பூத்துக் காடே பற்றி எரிகிற மாதிரி நிற்கும். நம் நீலகிரிச் சோலைகளில் பூக்கிற காட்டுப்பூவரசின் சொந்தம்தான் அது. துங்கநாத் பக்கம் பனியும் மிச்சம் இருக்கலாம். ஏப்ரலில் போவதானால் அட்சய திருதியைக்கு முன்பு முடித்துவிடுங்கள். அதையொட்டிச் சார்தாம் யாத்திரை தொடங்கிவிடும். பத்ரிநாத், கேதார்நாத் போகிற வண்டி எல்லாம் ருத்ரபிரயாகைவரை உங்கள் சாலையில்தான் போகும். மே மாதம் அங்கே சாலையில் நிற்பதற்கே ஒரு நாள் போய்விடும்.

இனி ஒன்பது நாள் கணக்கு. முதல் நாள் கோவையிலிருந்து டெல்லி வழியாக டேராடூன் விமானம். ஜாலி கிராண்ட் விமான நிலையம் டேராடூனைவிட ரிஷிகேஷுக்குத்தான் பக்கம், சுமார் 20 கிலோமீட்டர். இரவு ரிஷிகேஷில் தூங்கிவிட்டு, இரண்டாம் நாள் விடியற்காலையில் கிளம்பினால் தேவபிரயாகை, ஸ்ரீநகர் (காஷ்மீரில் உள்ளது இல்லை, உத்தராகண்டிலேயே அதே பேரில் இருக்கிற ஊர்), ருத்ரபிரயாகை, உகிமட் வழியாக சாரி என்கிற கிராமம். ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான், ஆனால் எட்டு மணி நேரம் ஆகும். வளைவுகள் வயிற்றைக் கலக்கும். மகளுக்கு வண்டியில் வாந்தி வரும் என்றால் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முன் இருக்கையை அவளுக்குக் கொடுங்கள்.

வழியில் தேவபிரயாகையில் அரை மணி நேரமாவது இறங்குங்கள். பாகீரதியும் அலகநந்தாவும் கூடி கங்கை என்ற பேர் தொடங்குகிற இடம். இரண்டு ஆறும் இரண்டு நிறத்தில் வந்து சேருவதைப் படித்துறையில் நின்றே பார்க்கலாம். பெரியாழ்வார் "கண்டமென்னும் கடிநகர்" என்று பாடியது இந்த ஊரைத்தான். மேலே ரகுநாதர் கோயில், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. நான் பக்திக்காக இதைச் சொல்லவில்லை. இன்னும் ஆறு நாளில் நீங்கள் படகில் மிதக்கப்போவது இதே தண்ணீரில்தான். அது எங்கே பிறந்து எப்படி இறங்குகிறது என்று மேலேயிருந்து பார்த்துவிட்டுப் போகிற பிள்ளைக்கு ஆறு வெறும் சறுக்கு விளையாட்டாகத் தெரியாது.

உகிமட்டைத் தாண்டினால் ஏடிஎம்மை நம்ப வேண்டாம். மலையில் நான்கு நாளுக்கு வேண்டிய ரொக்கத்தை அதற்குமுன் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கை மகளிடம் விட்டுவிடுங்கள் என்பது என் யோசனை. அக்கா மகள் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்தாள். டீக்கு எவ்வளவு, அறைக்கு எவ்வளவு, "மாமா தேவையில்லாம வாங்கின தொப்பி" எவ்வளவு என்று தனித்தனியாக.

மூன்றாம் நாள்தான் நடை ஆரம்பம். சாரியிலிருந்து தேவரியா தால் சுமார் இரண்டரை கிலோமீட்டர், கல் பாவிய ஏற்றம். ஏரி ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம், வேண்டுமென்றே மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் காற்று எழும் முன்பு சௌகம்பா சிகரம், 7,138 மீட்டர், தலைகீழாக அந்தத் தண்ணீருக்குள் நிற்கும். இடம் கேதார்நாத் வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருவதால் வனத்துறையிடம் நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். கூடாரம் எங்கே போடலாம், எங்கே கூடாது என்பதை சாரியில் தங்கும் வீட்டுக்காரரிடமே கேளுங்கள். 2018-ல் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் புக்யால் எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்கத் தடை விதித்தது. பழைய படங்களில் புல்வெளி நடுவில் கூடாரம் நிற்பதைப் பார்த்துவிட்டு அதே மாதிரி வேண்டும் என்று கேட்காதீர்கள்.

நான்காம் நாள் தான் கடினமானது. தேவரியா தாலிலிருந்து காட்டு வழியாக ரோகிணி புக்யால் கடந்து சோப்தா பக்கம் போய்ச் சேர வேண்டும். 15, 16 கிலோமீட்டர், ஏறி இறங்கி ஏறி, ஏழு எட்டு மணி நேரம். கிளைப்பாதைகள் நிறைய, அதனால் உள்ளூர் கைடு இல்லாமல் போகக் கூடாது. தண்ணீர் கிடைக்கிற இடமும் குறைவு, ஆளுக்கு இரண்டு லிட்டர் நிரப்பிக்கொண்டே கிளம்புங்கள். அன்று காலை மகளின் முகத்தைப் பாருங்கள். சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருக்கிறாள் என்றால் காட்டு வழியை விட்டுவிட்டு சாரிக்கே இறங்கி, வண்டி பிடித்து சோப்தா போய்விடுங்கள். ஒரு மணி நேர இறக்கம், அவ்வளவுதான். மறுநாள் துங்கநாத் எங்கும் போய்விடாது. இந்தப் பாதையை நான் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணமே இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு கதவு திறந்திருப்பதுதான். உத்தராகண்டிலேயே ஹர் கி தூன் என்று இன்னொரு நடைப்பாதை இருக்கிறது, இதைவிட அழகு என்பார்கள், உண்மைதான். ஆனால் அங்கே இரண்டு நாள் உள்ளே நடந்த பிறகு காலைச் சுளுக்கிக்கொண்டால் இரண்டு நாள் நடந்துதான் வெளியே வர வேண்டும்.

ஐந்தாம் நாள் சோப்தாவிலிருந்து துங்கநாத். மூன்றரை கிலோமீட்டர், படி மாதிரிக் கல் பாவிய நல்ல பாதை, கோயில் 3,680 மீட்டர் உயரத்தில். அதற்கும் மேலே ஒன்றரை கிலோமீட்டர் செங்குத்தாக ஏறினால் சந்திரசிலா உச்சி. வானம் திறந்திருந்தால் நந்தா தேவி, திரிசூல், சௌகம்பா எல்லாம் வரிசை கட்டி நிற்கும். சோப்தா சுமார் 2,700 மீட்டர்தான், அன்றைக்கே கீழே இறங்கித் தூங்கிவிடுகிறோம். ஏறுவது உயரமாக, தூங்குவது தாழ்வாக என்பதால் உயர நோய் வருகிற வாய்ப்பு குறைவு. ஆனாலும் கோவைக்காரருக்கு 3,500 மீட்டர் என்பது உடம்பு பார்க்காத உயரம். தலைவலி மட்டும் என்றால் நின்று தண்ணீர் குடித்துப் பார்க்கலாம். தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால், நடை தள்ளாடினால், அப்புறம் யோசனையே வேண்டாம், உடனே கீழே இறங்க வேண்டும். பிள்ளைகள் "தலை வலிக்குது" என்று சொல்லாமல் எரிந்து விழுவார்கள், அதையும் ஒரு அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் கோயில் நடை சாத்தி, உற்சவரை மக்குமட் கிராமத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஏப்ரலில் போனால் கதவு மூடியிருக்கும், பாதையில் பனி இருக்கலாம். பனி கெட்டியாக உறைந்து வழுக்கினால் கைடு சொல்கிற இடத்தோடு திரும்பிவிடுங்கள்.

ஆறாம் நாள் ரிஷிகேஷுக்கு இறக்கம். ஏழாம் நாள் சும்மா. இந்தச் சும்மா நாளுக்காகத்தான் ஒரு வாரம் போதாது என்றேன். மண்சரிவில் சாலை அடைத்தால் அந்த நாள் போகும். மழையில் ஏரிக்கரையில் மாட்டிக்கொண்டால் அந்த நாள் போகும். ஒன்றும் ஆகவில்லை என்றால் துணி துவைத்து, நன்றாகச் சாப்பிட்டு, கரையில் உட்கார்ந்து படகுகள் போவதை மகளோடு பாருங்கள். எந்த இடத்தில் அலை எழும்புகிறது, படகு எப்படித் திரும்புகிறது, விழுந்தவர்களை எப்படித் தூக்குகிறார்கள். பார்த்துவிட்டு அவள் "நாளைக்கு வேண்டாம்ப்பா" என்றால் அதுவும் சரிதான். எட்டாம் நாள் ராஃப்டிங், ஒன்பதாம் நாள் வீடு.

இனி ஆறு. ரிஷிகேஷில் நான்கு நீளங்களில் கூட்டிப்போவார்கள். பிரம்மபுரியிலிருந்து சுமார் 9 கிலோமீட்டர், சிவபுரியிலிருந்து 16, மரைன் டிரைவிலிருந்து 24, கௌடியாலாவிலிருந்து 35க்கு மேல். எல்லாம் ரிஷிகேஷில் வந்து முடியும். மேலே போகப்போக ஆறு முரடு. உலகம் முழுக்க ரேபிடுகளை ஒன்றிலிருந்து ஆறுவரை தரம் பிரிக்கிறார்கள். ஒன்று சலசலப்பு, ஆறு என்றால் உயிரோடு விளையாட்டு. கௌடியாலா நீளத்தில் "வால்" (ஆங்கிலத்தில் சுவர்) என்று ஒரு ரேபிட் இருக்கிறது, நான்காம் தரத்துக்கு மேல். பல கைடுகள் ஆட்களை இறக்கி நடக்கவிட்டுத்தான் தாண்டுவார்கள். முதல்முறைக்கு அது உங்களுக்குத் தேவையில்லை. சிவபுரி நீளம் சரியாக இருக்கும், இரண்டரை மூன்று மணி நேரம். ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் என்று இரண்டு நல்ல உதறல் உண்டு, நடுவில் மூச்சு வாங்க அமைதியான நீளமும் உண்டு. அவள் தயங்கினால் பிரம்மபுரி போதும். 24 கிலோமீட்டர்தான் வேண்டும் என்று ஆசைப்படுவது பெரும்பாலும் அப்பாக்கள்தான்.

தண்ணீர் அளவு நாளுக்கு நாள் மட்டும் இல்லை, ஒரே நாளுக்குள்ளேயே மாறும். மேலே பாகீரதியில் தெஹ்ரி அணை, அலகநந்தாவில் ஸ்ரீநகர் அணை. மின்சாரத் தேவைக்கு ஏற்பத் திறப்பார்கள். நேற்று கரையிலிருந்து பார்த்த ரேபிட் இன்று வேறு மாதிரி இருக்கும். அதனால் முதல் வேலையாகக் காலையில் கைடிடம், "இன்னைக்குத் தண்ணி எப்படி, உங்க பொண்ணா இருந்தா கூட்டிட்டுப் போவீங்களா" என்று கேளுங்கள். நல்ல கைடு இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லமாட்டார், ஒரு நிமிடம் ஆற்றைப் பார்ப்பார்.

யாரிடம் பதிவு செய்வது என்பதில் விலையை வைத்து முடிவெடுக்காதீர்கள். கூடவே பாதுகாப்புக்கு ஒருவர் கயாக் என்கிற ஒற்றையாள் படகில் வருவாரா, அரசு உரிமம் பெற்ற கைடா, படகில் எத்தனை பேர், மகள் அளவுக்குச் சின்ன லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு வாய்வார்த்தை போதாது, முந்தைய நாளே மாட்டிப் பாருங்கள். பட்டைகளை இறுக்கிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினால் ஜாக்கெட் முகவாயைத் தாண்டக் கூடாது. ஹெல்மெட்டை ஆட்டினால் நெற்றித் தோல் கூடச் சேர்ந்து அசைய வேண்டும், ஹெல்மெட் மட்டும் தனியாக ஆடக் கூடாது. நீங்கள் கையெழுத்துப் போடுகிற பாரத்தைப் படித்துப் பாருங்கள். உங்கள் பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டுக்கு விலக்கு இருக்கிறதா என்றும் ஊரிலேயே பார்த்துவிடுங்கள், பெரும்பாலும் இருக்கும்.

மணல்கரையில் ஆற்றோரம் கூடாரம் என்று விளம்பரம் பார்த்தால் கொஞ்சம் விசாரியுங்கள். 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கௌடியாலாவிலிருந்து ரிஷிகேஷ்வரை ஆற்று மணலில் முகாம் போடுவதை நிறுத்தியது. இப்போது "ரிவர் கேம்ப்" என்று விற்பது பெரும்பாலும் ஆற்றிலிருந்து விலகிய நிலத்தில்தான்.

நீச்சல் சுமார் என்பது பிரச்சினை இல்லை. கடும் சுழலில் நல்ல நீச்சல்காரருக்கும் நீச்சல் பயன்படாது, ஜாக்கெட்தான் தூக்கும். ஆனால் முகத்தில் தண்ணீர் அடிக்கும்போது பதறாமல் இருப்பது பழகினால்தான் வரும். ஊரில் நீச்சல் குளத்தில் லைஃப் ஜாக்கெட் போட்டு நான்கைந்து முறை பழக்குங்கள். குளத்தில்தான், தெரியாத ஆற்றில் இல்லை. மல்லாக்க மிதக்க வேண்டும், கால் விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும், ஆறு ஓடுகிற திசையில் கால் நீட்டியிருக்க வேண்டும். பாறை வந்தால் காலால் தள்ளிவிடலாம். ஓடுகிற தண்ணீரில் எழுந்து நிற்க முயலவே கூடாது, முழங்கால் ஆழம்தான் என்று தோன்றினாலும். பாறை இடுக்கில் பாதம் சிக்கிக்கொண்டால் மேலிருந்து வருகிற வேகம் ஆளை முன்னால் கவிழ்த்துத் தண்ணீருக்குள் அமுக்கிவிடும். கயிறு வீசினால் கயிற்றைப் பிடிக்க வேண்டும், கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. துடுப்பின் மேல்முனையில் டி வடிவப் பிடி இருக்கும். ஒரு கை எப்போதும் அதன் மேல் மூடியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் அலையில் துள்ளி பக்கத்தில் இருப்பவர் பல்லைத்தான் போய்ப் பார்க்கும். முன்வரிசையில் அவளை உட்கார வைக்காதீர்கள், நடுவில், உங்களுக்கு நேர் எதிர்ப்பக்கம். அவள் விழுந்தால் நீங்கள் குதிக்கக் கூடாது. இதை ஊரிலேயே மனதில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்களும் குதித்தால் கைடுக்கு இரண்டு ஆட்களை மீட்கிற வேலை.

தண்ணீர் பனியாறுகளிலிருந்து வருவது, ஏப்ரல் வெயிலிலும் எலும்பைத் தொடும். பருத்தித் துணி வேண்டாம், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், துப்பட்டா மாதிரித் தொங்குகிற எதுவும் கூடாது. சீக்கிரம் உலர்கிற நைலான் டீஷர்ட், லெக்கிங்ஸ், பின்பட்டை உள்ள செருப்பு. கண்ணாடி போடுகிறவள் என்றால் பின்னால் கட்டுகிற கயிறு. முடித்து கரையேறியதும் நடுக்கம் நிற்காவிட்டால் முதலில் ஈரத்துணியை மாற்றுங்கள், டீயும் படமும் அப்புறம். வழியில் பாறையிலிருந்து குதிக்கச் சொல்வார்கள், வரிசை நிற்கும், எல்லோரும் கைதட்டுவார்கள். என் மகனை நான் விடவில்லை.

பைக்கு வருவோம். பிள்ளையின் பை அவள் எடையில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் எட்டில் ஒரு பங்கு. 45 கிலோ எடை என்றால் நாலரையிலிருந்து ஐந்தரை கிலோவுக்குள், தண்ணீரையும் சேர்த்து. மீதி உங்கள் முதுகில். எடை தோளில் தொங்கக் கூடாது, இடுப்புப் பட்டையில் உட்கார வேண்டும். அதனால் பள்ளிப் பை உதவாது, இடுப்புப் பட்டை உள்ள பை வேண்டும், வாடகைக்கும் கிடைக்கிறது. ஆளுக்கு ஒரு செட் தெர்மல், ஒரு ஃப்ளீஸ், காற்றும் மழையும் தடுக்கிற ஒரு மேல்சட்டை, இரண்டு நடைத்துணி, மூன்று ஜோடிக் காலுறை, குல்லா, கையுறை, தலையில் மாட்டுகிற டார்ச். துணி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். புதுக் காலணியோடு மட்டும் வராதீர்கள். இரண்டு மாதம் முன்பே வாங்கி அதையே போட்டுக்கொண்டு வாரம் இரண்டு முறை மருதமலைப் படி ஏறி இறங்குங்கள், கடைசி மூன்று வாரம் பையோடு. ஏற்றம் மூச்சைத்தான் கேட்கும், இறக்கம் முழங்காலைக் கேட்கும். அதனால் இறங்கும்போது ஓடாமல் பழகுங்கள். குதிகாலில் சூடு தெரிந்த உடனே நின்று பிளாஸ்திரி ஒட்டுவது என்று இருவரும் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. பராத்தா, ராஜ்மா சாதம், எங்கும் மேகி. கிராமத்து வீடுகளில் மண்டுவா ரொட்டி கேளுங்கள், நம் கேழ்வரகுதான் அது. ஊரிலிருந்து கடலை மிட்டாய், பொட்டுக்கடலை, பேரீச்சை, கொஞ்சம் பருப்புப்பொடி எடுத்துப்போங்கள். குளிரில் பிள்ளைகளுக்குத் தாகம் தெரியாது, தண்ணீர் குடிக்க நினைவுபடுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமலோ வடிகட்டாமலோ குடிக்க வேண்டாம்.

அப்பாவும் மகளும் மட்டும் போகிறீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மாதவிலக்கைப் பற்றிக் கிளம்பும் முன்பே அவளோடு நேராகப் பேசுங்கள், இல்லை என்றால் அவள் அம்மாவைப் பேசச் சொல்லி, ஏற்பாடு என்ன என்று நீங்களும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அலைச்சலில், உயரத்தில், தேதி முன்பின் ஆகலாம். முகாம்களில் கழிப்பறை என்பது பெரும்பாலும் குழி தோண்டித் துணி கட்டியதுதான். பயன்படுத்தியதைச் சுற்றி எடுத்துவர அடர்நிறப் பைகள் அவள் பையிலேயே இருக்கட்டும், காட்டில் புதைக்க வேண்டாம். அக்கா மகளோடு போனபோது ராஃப்டிங் நாளில் சரியாக அது வந்தது. அந்த சும்மா நாளை முன்னால் செலவழிக்காமல் வைத்திருந்ததால் படகை ஒரு நாள் தள்ளிப்போட்டோம். அவள் என்னிடம் சொன்னது, "மாமா, நாளைக்குப் போகலாமா?" என்ற ஒரு வரிதான். நான் ஏன் என்று கேட்கவில்லை.

இருவரின் ஆதார் அட்டையையும் அசலாக எடுத்துப்போங்கள், விடுதியிலும் வனத்துறையிலும் கேட்பார்கள், படகுக்காரரிடம் வயதுக்கும் அதுதான் சாட்சி. ஆற்றுக்குப் போகிற காலையில் அறைச்சாவி, பணம், போன் எல்லாவற்றையும் விடுதியில் கொடுத்துவிட்டு, கைடின் நீர்புகாப் பையில் உலர்ந்த துணி ஒரு செட் மட்டும் போடுங்கள். பெரிய பையில் ஒரு மூலையில் தடித்த பிளாஸ்டிக் பை ஒன்று காலியாக இருக்கட்டும். ஒன்பதாம் நாள் காலை விமானத்துக்குள் அந்த ஈரத்துணிகள் காய்ந்திருக்காது.